இருமல் காட்சியில் முறிந்த விலா

ஸ்டுடியோவில் எல்லாரும் அவளைக் கணீரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குரல் அப்படி. வெளிநாட்டுத் தொடர்களைத் தமிழில் பேசிக் கொடுக்கும் டப்பிங் ஸ்டுடியோ அது. திரையில் யாரோ ஒருத்தி வாயசைப்பாள். அழுகையும் ஏச்சும் கொஞ்சலும் கணீரக்காவின் தொண்டையிலிருந்து வரும். சின்ன வயதில் கதாநாயகிகளுக்குப் பேசினாள். பிறகு அண்ணிகளுக்கு. ஐம்பதைத் தாண்டிய இந்தக் காலத்தில் அம்மாக்களுக்கு மட்டும்தான். பணக்கார அம்மா, பாவப்பட்ட அம்மா, மகனை மருமகளிடம் பறிகொடுத்த அம்மா என்று எதைக் கொடுத்தாலும் ஒரே டேக்கில் முடித்துவிடுவாள்.

ஸ்டுடியோ ஒரு மரச்சாமான் கடைக்குக் கீழே, நிலவறையில் இருந்தது. சுவர் முழுக்க ஸ்பான்ஜ். வெளிச் சத்தம் உள்ளே வராது, வெளிச்சமும் வராது. காலையில் குடையை விரித்துக்கொண்டு வந்து படியிறங்கினால் இருட்டிய பிறகுதான் மேலே ஏறுவாள். அந்தக் குடை மழைக்கு அல்ல, வெயிலுக்கு. கறுத்துப் போய்விடக் கூடாது என்பது அவளுடைய பிடிவாதம். யாருமே பார்க்காத முகத்தை இவ்வளவு பத்திரமாக வைத்திருப்பது எதற்கு என்று கணவர் கேலி செய்வார். அவர் பொதுக் குளத்தில் நீச்சல் சொல்லிக் கொடுப்பவர். தெருவே அவரைக் கோச் என்று கூப்பிடும். நாள் முழுக்க வெயிலில் நின்று நின்று தோல் செருப்பு நிறத்துக்கு வந்திருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து நடந்து போனால் பாலும் டிகாஷனும் தனித்தனியாகப் போகிற மாதிரி இருக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள்.

அன்றைக்கு ஓடிய தொடரில் அம்மாவுக்கு நுரையீரல் வியாதி. சாகப் போகிறாள். சாவதற்கு முன்னால் இருமி இருமி ஒரு ரகசியத்தைச் சொல்ல வேண்டும். பக்கத்து மைக்கில், அந்த ரகசியத்தைக் கேட்டு உள்ளுக்குள் சிரிக்கிற நாத்தனாராக வில்லியம்மா நின்றிருந்தாள். இந்தத் தொழிலில் கெட்டவளுக்குக் குரல் என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பட்டமே அப்படி வந்ததுதான். நிஜத்தில் அவள் ஒரு எறும்பைக்கூட நசுக்க மாட்டாள். ஆனாலும் அவளுக்கும் கணீரக்காவுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. எப்போதோ ஒரு கதாநாயகி வேடம் வில்லியம்மா கைக்கு வந்து, கடைசி நிமிஷத்தில் கணீரக்காவுக்கு மாறிப் போனது. கேட்டு வாங்கினாளா, தானாக வந்ததா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்காமலே வருஷங்கள் ஓடிவிட்டன. மைக் முன்னால் நின்றால் குடுமியைப் பிடிக்காத குறையாகச் சண்டை போடுவார்கள். ஒலிப்பதிவு முடிந்து சிவப்பு விளக்கு அணைந்தால் ஆளுக்கொரு மூலை.

“அக்கா, இருமல் இன்னும் அடிவயித்துலேருந்து வரணும்,” என்றார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த டைரக்டர். “கேக்குறவங்களுக்கு நெஞ்சு வலிக்கணும்.”

“வலிக்க வச்சுடுவோம்,” என்று சொல்லிவிட்டுக் கணீரக்கா மூச்சை இழுத்து இருமினாள். மூன்றாவது இருமலில் இடது பக்கம், மாருக்குக் கீழே, காய்ந்த குச்சியை ஒடித்த மாதிரி ஏதோ ஆயிற்று. “அம்மா” என்ற வார்த்தை அவள் நடிக்காமலே வந்தது. அப்படியே மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

“ஆஹா! பின்னிட்டீங்க அக்கா!” என்று டைரக்டர் கை தட்டினார். சவுண்ட் இன்ஜினியர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

வில்லியம்மாதான் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடி வந்தாள். “நிறுத்துங்க சார்! இவங்க நடிக்கல. இவங்க நடிக்கிற மூச்சு எனக்குத் தெரியாதா? இது வேற மூச்சு!”

வில்லியம்மாவின் கைத்தாங்கலில் படியேறி வெளியே வந்தபோது மத்தியான வெயில் முகத்தில் அடித்தது. வலியிலும் கணீரக்காவின் கை குடையைத் தேடியது.

எலும்பு டாக்டர் ஒரு பெண். பேச்சில் பூச்சுக் கிடையாது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “எங்கேயாவது விழுந்தீங்களா?” என்றார்.

“இல்ல டாக்டர். இருமினேன்.”

“சளியா?”

“இல்ல, தொடர்ல சாவுறேன்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். தகவல் தெரிந்து குளத்திலிருந்து ஓடி வந்திருந்த கோச்தான் விளக்கம் சொன்னார். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். மாதவிலக்கு எப்போது நின்றது? தொடையிலும் இடுப்பிலும் உள்ளுக்குள் ஒரு வலி உண்டா? படியேறும்போது கால் தளர்கிறதா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றுதான் பதில் வந்தது. வயசாகிறது, அப்படித்தான் இருக்கும் என்று கணீரக்கா யாரிடமும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். இரத்தம் எடுத்தார்கள். எலும்பு எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று பார்க்க ஒரு மேஜையில் படுக்க வைத்துப் படமும் எடுத்தார்கள்.

முடிவு வந்த அன்று டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. “உங்க ரத்தத்துல வைட்டமின் டி இருக்கான்னு தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கு. அவ்வளவு கம்மி. எலும்பும் மெலிஞ்சிருக்கு. அதான் இருமினதுக்கே விலா விட்டுடுச்சு.”

“நான் தினமும் பால் குடிக்கிறேனே டாக்டர்? தயிர் இல்லாம சாப்பிட்டதே இல்ல.”

“நல்லதுதான். ஆனா பால்ல இருக்கிற சுண்ணாம்புச் சத்தை உடம்பு உள்ள இழுக்கணும்னா வைட்டமின் டி வேணும். அது இல்லாம நீங்க எவ்வளவு குடிச்சாலும் பாதிக்கு மேல வீண். பெண்களுக்கு மாதவிலக்கு நின்னதும் எலும்பு வேகமாக் கரைய ஆரம்பிக்கும். அந்த நேரத்துல இதுவும் சேர்ந்தா ரெண்டு பக்கமும் ஓட்டை. வெயில்ல நிப்பீங்களா?”

கணீரக்கா பதில் சொல்வதற்குள் கோச் முந்திக்கொண்டார். “வெயிலா? நிலா வெளிச்சத்துக்கே குடை பிடிப்பா டாக்டர்.”

“என்னங்க!”

“பொய்யா சொல்றேன்? எத்தனை வருஷமாக் கூப்பிடுறேன், குளத்துக்கு வா, குளத்துக்கு வான்னு. நீச்சல் அடிச்சிருந்தா இப்படி ஆகியிருக்குமா? நீங்களே சொல்லுங்க டாக்டர்.”

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். “நீச்சல் மூச்சுக்கு நல்லது, மூட்டுக்கு நல்லது. ஆனா எலும்பு கெட்டியாகணும்னா அது உடம்பு எடையைத் தாங்கணும். தண்ணிக்குள்ள எடையைத் தண்ணிதானே தாங்குது? இவங்க நடக்கணும், படி ஏறணும், கொஞ்சம் கனம் தூக்கணும். எல்லாம் விலா கூடின பிறகு.”

கோச்சின் முகம் காற்றுப் போன டியூப் மாதிரி ஆனது. வீடு வந்து சேரும் வரை விலாவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கவும் முடியாமல் சிரிக்காமல் இருக்கவும் முடியாமல் கணீரக்காதான் அவஸ்தைப்பட்டாள்.

வாரத்துக்கு ஒரு பாக்கெட் வைட்டமின் டி பொடி, பாலில் கலக்கிக் குடிக்கக் கொடுத்திருந்தார்கள். கூடவே சுண்ணாம்புச் சத்து மாத்திரை. முட்டை, மீன் தவறக் கூடாது. முற்பகல் வெயில் கையிலும் காலிலும் கொஞ்ச நேரம் பட வேண்டும். தோல் எரிகிற அளவுக்கு வேண்டாம். வேலைக்கு விடுப்பு.

முதல் சில நாள் அவள் ஹாலில் ஜன்னலை மூடிக்கொண்டு, கண்ணாடி வழியாக மடியில் விழுகிற வெயிலில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தாள். மறுபடி டாக்டரைப் பார்க்கப் போனபோது இதைப் பெருமையாகச் சொன்னாள்.

“கண்ணாடி வழியா சூடு வரும், வெளிச்சம் வரும். உங்களுக்கு வேண்டிய கதிர் மட்டும் வராதும்மா,” என்றார் டாக்டர். “ஜன்னலைத் திறங்க. இல்லன்னா மொட்டை மாடிக்குப் போங்க.”

மறுநாளே கோச் மொட்டை மாடிக்கு இரண்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டார். முகத்துக்கு ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, கைகளையும் கணுக்கால்களையும் வெளியே நீட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். முதலில் வெட்கமாக இருந்தது. துணி உலர்த்த வந்த மாடி வீட்டுக்காரி, “என்னக்கா, உங்களையும் காயப் போட்டுட்டாங்களா?” என்றாள். பிறகு பழகிவிட்டது. பகலில் தன் வீடு இருக்கும் தெருவையே அவள் அதுவரை சரியாகப் பார்த்ததில்லை. எதிர் வீட்டுப் பூனைக்குக் குட்டிகள் இருப்பதும், சைக்கிள் கடைக்காரர் யாரும் இல்லாதபோது அழகாகப் பாடுவதும் அப்போதுதான் தெரிந்தது. ஒரு நாள் துண்டு காற்றில் பறந்து போனது. எடுத்து வர எழுந்திருக்கத் தோன்றாமல் முகத்தில் வெயிலை வாங்கிக்கொண்டு அப்படியே கண்ணை மூடினாள். சுகமாக இருந்தது.

அந்த மாடிக்குத்தான் ஒருநாள் வில்லியம்மா வந்தாள். கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறி, மேல்மூச்சு வாங்க வந்து நின்றாள். கையில் ஆப்பிள் பை. எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைப் பிடித்தபடியே இருந்தாள்.

“உக்காருங்க,” என்றாள் கணீரக்கா.

“இருக்கட்டும்.” உட்கார்ந்தாள். “வலி எப்படி இருக்கு?”

“தேவலாம். தும்மினாத்தான் உயிர் போகுது.”

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பூனைக் குட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வில்லியம்மாதான் கடைசியில் ஆரம்பித்தாள். “அந்தத் தொடர்ல அம்மா செத்தாச்சுல்ல. இப்ப பொண்ணு கனவுல வந்து வந்து பேசுறாங்க. நிறைய சீன் இருக்கு. உங்களால முடியாதுன்னு டைரக்டர் என்னைப் பேசச் சொல்றார். நான் இன்னும் சரின்னு சொல்லல. உங்களைக் கேட்டுட்டுச் சொல்றேன்னு வந்துட்டேன்.”

“என்னை எதுக்குக் கேக்கணும்?”

“ஒருத்தர் வேஷம் இன்னொருத்தர்கிட்ட போறப்ப கேட்டா நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியும்.”

அவள் குரலில் குத்தல் இல்லை. அதனால்தான் கணீரக்காவுக்குச் சுருக்கென்றது. “அந்தக் கதாநாயகி வேஷத்தை நான் கேக்கல. காலையில வந்தேன், பேப்பரைக் கையில குடுத்தாங்க. உங்களுதுன்னு சாயங்காலம்தான் தெரிஞ்சுது. அப்பவே வந்து சொல்லியிருக்கணும். நீங்க மூஞ்சியைத் திருப்பிட்டுப் போனீங்களா, எனக்கும் வீம்பு வந்துடுச்சு.”

“நீங்க மூஞ்சியைத் திருப்பினீங்கன்னுல்ல நான் நினைச்சேன்!”

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் வில்லியம்மாதான் சிரித்தாள். அவளுடைய புகழ்பெற்ற அந்த வில்லிச் சிரிப்பு. கணீரக்காவும் சிரிக்கப் போய், “ஐயோ, விலா, விலா” என்று அலறினாள்.

“நீங்களே பேசுங்க,” என்றாள் வலி அடங்கியதும். “ஆனா ஒண்ணு. அந்த அம்மா ‘ம்’ சொல்றப்ப சட்டுனு வெட்டக் கூடாது. கொஞ்சம் இழுக்கணும். ‘ம்ம்ம்’. பொண்ணு பொய் சொல்றான்னு அவங்களுக்குத் தெரியும், ஆனா காட்டிக்க மாட்டாங்க.”

“ம்ம்ம்,” என்றாள் வில்லியம்மா.

“இதுல விஷம் இருக்கு. கொஞ்சம் குறைங்க.”

அன்றைக்கு வெயில் சாயும் வரை ஒத்திகை நடந்தது. கிளம்பும்போது வில்லியம்மா இரண்டு முழங்காலையும் கையால் ஊன்றித்தான் நாற்காலியிலிருந்து எழுந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள்.

“எத்தனை நாளா இப்படி?” என்று கேட்டாள் கணீரக்கா.

“அது கிடக்கு. நானும் அந்த ஸ்டுடியோப் பாதாளத்துலதானே கிடக்கேன். நீங்க குடிக்கிற பொடி பேர் என்ன? நானும் வாங்கிக்கிறேன்.”

“பேரெல்லாம் சொல்ல மாட்டேன். டாக்டரைப் பாருங்க.”

சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். ஆனால் கீழே ஹாலில், மேஜை மேல் கிடந்த காலிப் பாக்கெட்டில் பேரைப் படித்துக்கொண்டுதான் போயிருக்கிறாள். அடுத்த வாரம் போனில் பேசும்போது உற்சாகமாகச் சொன்னாள்: “நானும் பொடி ஆரம்பிச்சுட்டேன் அக்கா. காலையில எழுந்ததும் ஒரு பாக்கெட்.”

“தினமுமா?”

“பின்ன? உங்களை விட எனக்கு வலி ஜாஸ்தி. சீக்கிரம் தேறணும்ல.”

“அடிப் பாவி! வாரத்துக்கு ஒண்ணுடி அது!”

“டி” போட்டுப் பேசிவிட்டோம் என்பதுகூடக் கணீரக்காவுக்கு உறைக்கவில்லை. “அது அளவுக்கு மீறினா ரத்தத்துல சுண்ணாம்பு ஏறி, வாந்தி வந்து, சிறுநீரகத்தைக் கெடுத்துடும்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காங்க. இன்னைக்குக் குடிச்சாச்சா? குடிக்கலையே? தொடாதே. செருப்பை மாட்டிட்டு வாசல்ல நில்லு. நான் வரேன்.”

விலா முழுதாகக் கூடாத நிலையில் ஆட்டோ பிடித்துப் போய், அவளை ஏற்றிக்கொண்டு நேராக எலும்பு டாக்டரிடம் போனாள். ஆட்டோ பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் வில்லியம்மா அவள் தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் அன்றைக்கு நன்றாகத் திட்டினார். குற்றமே செய்யாத கணீரக்காவும் கூட நின்று திட்டு வாங்கினாள். நல்ல வேளையாகச் சில நாள்தான் ஆகியிருந்தது. இரத்தத்தில் சுண்ணாம்பு அளவு தாண்டவில்லை. ஆனால் எலும்புப் படம் எடுத்துப் பார்த்தபோது டாக்டரின் முகம் மாறியது. வில்லியம்மாவின் இடுப்பெலும்பு கணீரக்காவுடையதை விட மெலிந்திருந்தது.

“விழுந்திருந்தா இடுப்பு உடைஞ்சிருக்கும்,” என்றார். “இப்ப வந்தது நல்லதாப் போச்சு. இதுக்கு வெறும் பொடி போதாது. எலும்பு கரையாம இருக்கத் தனி மாத்திரை இருக்கு. நான் சொல்ற மாதிரி மட்டும் சாப்பிடணும். நீங்களா எதையும் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது.”

வெளியே வந்ததும் வில்லியம்மா சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. “எனக்கு யாரும் இப்படி ஆட்டோ எடுத்துட்டு ஓடி வந்ததில்ல,” என்றாள்.

“சரி, சரி. மூக்கைச் சிந்து. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். முட்டை வாங்கி வச்சிருக்கேன்.”

கணீரக்கா வேலைக்குத் திரும்பியதும் இரண்டு பேரும் சேர்ந்து ஸ்டுடியோ முதலாளியம்மாவிடம் போனார்கள். முற்பகலில் கொஞ்ச நேரம் மேலே கடையின் மொட்டை மாடியில் எல்லாப் பெண்களையும் நடக்க விட வேண்டும் என்று கேட்டார்கள்.

“நடக்கவா? இன்னும் நாலு எபிசோடு பாக்கி நிக்குது. எல்லாரும் மேல போய் நின்னா கீழ யார் பேசுறது?” என்றாள் முதலாளியம்மா.

“இன்னொரு விலா உடைஞ்சா நாலுக்கும் மேல எபிசோடு நின்னு போகும்,” என்றாள் வில்லியம்மா, தொழிலில் பயன்படுத்தும் அதே குரலில்.

முதலாளியம்மாவுக்கு அந்தக் குரலைக் கேட்டால் உள்ளூர ஒரு பயம் உண்டு. ஆனால் அவள் மனம் மாறியதற்கு அது மட்டும் காரணம் இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் கை தன் முதுகின் கீழ்ப்பக்கத்தைப் பிசைந்துகொண்டிருந்தது. அதைக் கணீரக்கா பார்த்தாள். அவள் பார்த்துவிட்டதை முதலாளியம்மாவும் கவனித்தாள். “அந்த டாக்டர் எங்க இருக்காங்க?” என்று மெதுவாகக் கேட்டாள். அந்த மாதமே அவளும், வசனம் மொழிபெயர்க்கிற பெண்ணும், கணக்குப் பார்க்கிற பெண்ணும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒருத்திக்குக்கூட வைட்டமின் அளவு சரியாக இல்லை. மரச்சாமான் கடைக்காரர் மாடிச் சாவியைக் கொடுத்தார்.

கோச்சுக்கு அப்போதுதான் முகம் தெளிந்தது. எலும்புக்கான பயிற்சிகளை டாக்டரிடமே கேட்டுக்கொண்டு, குளத்தில் வகுப்பு இல்லாத நேரத்தில் மாடிக்கு வந்து நின்றுவிடுவார். தண்ணீர் நிரப்பின பாட்டிலை இரண்டு கையிலும் பிடித்துத் தூக்கச் சொல்வார். நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொல்வார். வில்லியம்மா முதல் தடவை கை ஊன்றாமல் எழுந்த அன்று எல்லாரும் ஓவென்று கத்தியதில், கட்டில் வாங்க வந்தவர்கள் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். “இத்தனை வருஷமா எனக்குக் கிடைச்சதுலயே நனையாத மாணவிங்க நீங்கதான்,” என்றார் கோச்.

அடுத்த வருஷம் மறுபடி படம் எடுத்தார்கள். கணீரக்காவின் வைட்டமின் அளவு சரியாகிவிட்டது. எலும்பு மேற்கொண்டு கரையவில்லை; முதுகெலும்பில் கொஞ்சம் கூடியிருந்தது. வில்லியம்மாவுக்கும் இடுப்பில் கரைவது நின்றிருந்தது. இளவயது எலும்பு திரும்பி வராது, இருக்கிறதைக் கட்டிக் காத்தால் போதும், நடையை விடாதீர்கள் என்றார் டாக்டர். படியில் நிற்காமல் ஏறுகிறேன் என்று வில்லியம்மா சொன்னபோது, “அதைத்தான் நான் கேக்கணும்னு இருந்தேன்,” என்று அவரும் சிரித்தார்.

சமீபத்தில் ஒரு புதுத் தொடர் வந்திருக்கிறது. இரண்டு சகோதரிகள் சேர்ந்து ஒரு பழைய லாரியை வாங்கி ஓட்டுகிற கதை. இரண்டு பேருமே நல்லவர்கள், இரண்டு பேருமே வாயாடிகள். யாருக்கு யார் பேசுவது என்று டைரக்டர் மாடிக்கே வந்து கேட்டார்.

“அக்கா வேஷம் எனக்கு,” என்றாள் வில்லியம்மா, பாட்டிலைத் தூக்கியபடி.

“உனக்கா? நீ என்னை விடச் சின்னவ.”

“வயசை யார் கேட்டா? அக்காதான் லாரி ஓட்டுறா. நான் ஓட்டுறேன், நீ பக்கத்துல உக்காந்து பேசிட்டு வா.”

“நான் எதுக்குப் பக்கத்துல உக்காரணும்? நானும் ஓட்டுவேன்.”

டைரக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நிழல் தேடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றார். அவர்கள் வெயிலில் அடுத்த சுற்றை நடக்க ஆரம்பித்திருந்தார்கள்.